கூலிக்கு ஒரு கேமரா... கனவுக்கு ஒரு கேமரா!

விஸ்காம் படிக்கிற பசங்க யாரையாவது நிறுத்தி, "படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணப்போறே?"னு கேட்டுப் பாருங்க. "சினிமாதான் பாஸ்... டைரக்‌ஷன்!"னு பட்டுனு பதில் வரும். "சரி, அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?"னு அடுத்த கேள்வியைப் போட்டா, குரல் அப்படியே இறங்கிடும். "விளம்பரப் படம், மியூசிக் வீடியோனு ஏதாச்சும்... அது சும்மா தற்காலிகமா..." என்று இழுப்பார்கள். ஏதோ திருட்டு வேலையை ஒப்புக்கொள்கிற மாதிரி!

இந்த வாரம் நாம சந்திக்கப்போற ஆள், அந்த 'ஏதாச்சும்' வேலையைத் தலைநிமிர்ந்து பார்த்தவர். உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு விளம்பரம் எடுத்தார். அதில் கிடைத்த காசை, எந்தத் தயாரிப்பாளரும் கை வைக்கப் பயப்படுகிற ஒரு படத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். படம் ஓடவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து அதே படத்தைத் துடைத்து, பளபளப்பாக்கி, உலகம் மறுபடி பார்த்தது.

பேர் தர்செம் சிங். தன் படங்களின் டைட்டிலில் பல தடவை வெறும் 'தர்செம்' என்று மட்டும் போட்டுக்கொள்கிறவர்.

ஜலந்தர் டு பாசடீனா

1961-ல் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்தவர் தர்செம். அப்பா விமான இன்ஜினீயர். வேலை இரானில். அதனால் சின்ன வயசின் ஒரு பகுதி இரானில் கழிந்தது. பிறகு சிம்லாவில் பிஷப் காட்டன் ஸ்கூல், டெல்லியில் ஹிந்து காலேஜ். நம்ம ஊர் அப்பாக்களுக்கும் அவங்க அப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை. பையன் நல்லா படிக்கணும், அமெரிக்கா போய் பிசினஸ் படிக்கணும், செட்டில் ஆகணும். அவ்வளவுதான்!

அந்தச் சமயத்தில்தான் ஒரு புத்தகம் அவர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் உள்ள சினிமா கல்லூரிகளைப் பற்றிய கைடு. பேட்டிகளில் தர்செம் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை இது. சினிமாவைக்கூட காலேஜில் உட்கார்ந்து படிக்கலாம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்ததாம். படிக்கிறது என்றாலே கஷ்டப்பட்டு, பிடிக்காததைத் தலையில் ஏற்றுவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு, பிடித்ததைப் படிக்கவும் ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருப்பானா? கிளம்பிட்டார். அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கிற ஆர்ட் சென்டர் காலேஜ் ஆஃப் டிசைன். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' மைக்கேல் பே, '300' ஸாக் ஸ்னைடர் எல்லாம் ஏறக்குறைய அதே காலகட்டத்தில் அங்கே படித்தவர்கள். கார் டிசைன், கிராஃபிக் டிசைன், விளம்பரம் என்று பக்கத்துப் பக்கத்து கிளாஸில் பாடம் நடக்கிற இடம். அங்கே சினிமா படித்தவர்களுக்கு விளம்பரம் தீண்டத்தகாத வேலையாகத் தெரியவில்லை. 'ஒரு ஃபிரேமுக்குள்ள என்ன வைக்கணும்' என்பதுதான் கேள்வி. அது பாட்டுக்கா, ஜீன்ஸுக்கா, சினிமாவுக்கா என்பதெல்லாம் ரெண்டாவது.

பால் ஜாடியும் சிறகுத் தாத்தாவும்

1991. ஆர்.ஈ.எம். என்கிற அமெரிக்க ராக் குழு 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பத்தை வெளியிடுகிறது. அதில் மாண்டலின் ஒலிக்க வரும் 'லூஸிங் மை ரிலிஜன்' பாட்டுக்கு வீடியோ எடுக்கும் வாய்ப்பு தர்செமுக்கு. அப்போது எம்.டி.வி-யின் பொற்காலம். வீடியோ ஹிட் ஆனால் பாட்டு ஹிட்!

ஒரு சின்ன அறை, ஜன்னல், மழை. ஜன்னல் ஓரத்தில் இருக்கிற பால் ஜாடி விழுந்து உடைகிறது. இப்படித் தொடங்குகிற வீடியோவில் அடுத்தடுத்து வருகிற காட்சிகள் வேற உலகம். வானத்திலிருந்து விழுந்த வயசான தேவதை, அம்பு தைத்த புனிதர், காலண்டர் படத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி தெய்வங்கள்...

எங்கேயிருந்து பிடிச்சார் இதையெல்லாம்? பால் ஜாடிக்குப் பின்னால் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'தி சாக்ரிஃபைஸ்' படம் இருக்கிறது. வயசான தேவதைக்குப் பின்னால் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவரின் சிறுகதை. இருட்டும் வெளிச்சமும் விளையாடுகிற அந்த லைட்டிங்குக்குப் பின்னால் இத்தாலிய ஓவியர் காராவாஜியோ. இத்தனைக்கும் மேலே, எல்லாமே கொஞ்சம் மிகையாக, கனவு மாதிரி இருக்கிற ஒருவகை இந்திய சினிமா பாணி. அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று தர்செம் சொன்னதாகப் பாடகர் மைக்கேல் ஸ்டைப் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக, ஊரில் இருந்தவரை நம்மாளுங்க 'ஓவர்' என்று கிண்டலடித்த விஷயத்தையே சூட்கேஸில் எடுத்துக்கொண்டு போய் அங்கே விற்றுவிட்டார் மனுஷன்!

அந்த வருஷ எம்.டி.வி. விருது விழாவில் 'வருடத்தின் சிறந்த வீடியோ', சிறந்த இயக்கம் உள்பட ஆறு விருதுகள். அடுத்த வருஷம் கிராமி. முப்பது வயசில் தர்செமின் வீட்டு போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்திருக்கும்.

அப்போது அதே பாதையில் வந்த இன்னும் சிலரையும் பார்த்துக்குங்க. மடோனாவின் 'வோக்' வீடியோவை 1990-ல் எடுத்த டேவிட் ஃபின்ச்சர், பிறகு 'செவன்' எடுத்தார். மியூசிக் வீடியோக்களில் குறும்பு பண்ணிக்கொண்டிருந்த ஸ்பைக் ஜோன்ஸ் 1999-ல் 'பீயிங் ஜான் மல்கோவிச்' எடுத்தார். பாட்டும் விளம்பரமும்தான் அந்தத் தலைமுறைக்கு அசிஸ்டென்ட் டைரக்டர் வேலை. இதில் ரெண்டு பேரை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னால் வருவாங்க!

முப்பது செகண்ட் பள்ளிக்கூடம்

1992-ல் லீவைஸ் ஜீன்ஸுக்கு ஒரு விளம்பரம். வெயில் காயும் அமெரிக்கப் பணக்காரக் குடியிருப்பு. ஜீன்ஸ் போட்ட ஒரு இளைஞன் ஒவ்வொரு வீட்டு நீச்சல் குளமாகக் குதித்து, நீந்தி, ஏறி, அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். பின்னணியில் டைனா வாஷிங்டனின் பழைய பாட்டு. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பர்ட் லங்காஸ்டர் நடித்த 'தி ஸ்விம்மர்' என்ற பழைய படத்துக்கு ஒரு வணக்கம் அது.

1996-ல் நைக்கி. பழைய ரோமானிய அரங்கத்தில் சாத்தானின் டீமோடு எரிக் கன்ட்டோனா, மால்டினி, பிரேசில் ரொனால்டோ எல்லாம் ஃபுட்பால் ஆடுகிறார்கள். கடைசியில் கன்ட்டோனா சட்டை காலரைத் தூக்கிவிட்டு அடிக்கிற பந்து சாத்தானின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. 2004-ல் பெப்ஸி. மறுபடி ரோமானிய அரங்கம். பிரிட்னி ஸ்பியர்ஸ், பியான்ஸே, பிங்க் மூணு பேரும் வாள் பிடித்த வீராங்கனைகள். சக்கரவர்த்தியாக என்ரிக்கே இக்லெஸியாஸ். சண்டை போடச் சொன்னால் ஆயுதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, குயீன் குழுவின் பாட்டைப் பாடுகிறார்கள். டி.வி-யில் பார்த்திருப்பீங்க. எடுத்தவர் ஒரு ஜலந்தர்காரர் என்று தெரிந்திருக்காது.

இந்த வேலை எப்படி நடக்குதுனு தெரிஞ்சுக்கிறது விஸ்காம் பசங்களுக்கு நல்லது. ஐடியா பெரும்பாலும் டைரக்டருடையது இல்லை. விளம்பர ஏஜென்ஸி ஸ்க்ரிப்ட் எழுதும். அதை ரெண்டு, மூணு டைரக்டர்களுக்கு அனுப்பி, 'நீங்க இதை எப்படி எடுப்பீங்க?' என்று கேட்கும். ஒவ்வொருத்தரும் ட்ரீட்மென்ட் எழுதித் தரணும். லைட்டிங் இப்படி, லொக்கேஷன் இங்கே, பாட்டு இது, பட்ஜெட் இவ்வளவு. பிடித்தவருக்கு வேலை. ஷூட்டிங்கில் கம்பெனிக்காரர்கள் மானிட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 'பாட்டில் லேபிள் தெரியலையே!' என்று அவங்க சொன்னா, அதுதான் கடைசி வார்த்தை.

இதில் கலைஞனுக்கு என்ன மிச்சம்? மூணு விஷயம். முப்பது செகண்டில் வசனம் இல்லாமல் ஒரு கதையைச் சொல்லப் பழகுவது. இன்றைக்கு பாலைவனம், அடுத்த மாசம் பனிமலை என்று உலகத்தையே அடுத்தவர் காசில் சுற்றிப் பார்ப்பது. மூணாவது, கணிசமான சம்பளம். தர்செம் இந்த மூணையும் உண்டியலில் போடுகிற மாதிரி சேர்த்துக்கொண்டே வந்தார். போகிற ஊரிலெல்லாம் லொக்கேஷன்களை மனசில் குறித்துக்கொண்டார். எதுக்குனு அப்போ யாருக்கும் தெரியாது.

கூடு விட்டுக் கூடு

முதல் படம் 2000-ல் வந்தது. 'தி செல்'. கோமாவில் கிடக்கிற ஒரு சீரியல் கில்லரின் மனசுக்குள்ளே புகுந்து துப்புத் தேடும் டாக்டராக ஜெனிஃபர் லோபஸ். கதை வழக்கமான போலீஸ் கதைதான். ஆனால், கொலைகாரன் மனசுக்குள் நுழைந்ததும் தர்செமின் ராஜ்ஜியம் ஆரம்பிக்கும். சிம்மாசனத்திலிருந்து மண்டபச் சுவர் வரை நீண்டு விரியும் ராஜ அங்கி, கண்ணாடித் தடுப்புகளால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட குதிரை... பார்த்தவர்கள் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த உடைகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் எய்கோ இஷியோகா. கப்போலாவின் 'டிராகுலா'வுக்காக ஆஸ்கர் வாங்கிய ஜப்பானியப் பெண்மணி. அவர் வந்த பாதை தெரியுமா? ஷிசெய்டோ அழகுசாதன நிறுவனத்திலும், பார்க்கோ ஷாப்பிங் மாலுக்காகவும் விளம்பரங்கள் வடிவமைத்தவர்! விளம்பரத்திலிருந்து வந்த ரெண்டு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு தர்செமின் முதல் நாலு படங்களும் சாட்சி. நாலிலும் எய்கோவின் கைவண்ணம் இருக்கிறது.

'தி செல்' 3.3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மேக்கப்புக்கு ஆஸ்கர் நாமினேஷன். ஆனால் விமர்சகர்களில் பாதிப் பேர் அன்றைக்கு எழுதிய வரி இவரைக் கடைசிவரை துரத்தியது. 'அழகா இருக்கு... ஆனா உள்ளே ஒண்ணும் இல்லை. விளம்பரக்காரன்தானே!'

முதல் படம் லாபம் பார்த்த டைரக்டர் அடுத்து என்ன செய்வார்? பெரிய ஹீரோ, பெரிய பட்ஜெட் என்று போவார். தர்செம் திரும்பவும் விளம்பரம் எடுக்கப் போனார். போனது தப்பி இல்லை... ஒரு திட்டத்தோடு!

இருபது நாடு, நாலு வருஷம், சொந்தக் காசு

பல்கேரியாவில் 1981-ல் வந்த 'யோ ஹோ ஹோ' என்ற படம் ரொம்ப நாளாக அவர் மனசில் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நடிகன் ஒரு சின்னப் பையனுக்குக் கதை சொல்கிறான். அதை அடிப்படையாக வைத்து அவர் கட்டியதுதான் 'தி ஃபால்'.

சினிமா பிறந்து நடைபழகிக்கொண்டிருந்த காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ். பாலத்திலிருந்து குதித்து முதுகு உடைந்த ஸ்டன்ட்மேன் ராய். காதலியும் கைவிட்டாச்சு. சாகத் துடிக்கிறான். அதே ஆஸ்பத்திரியில், ஆரஞ்சு பறிக்கும்போது விழுந்து கை உடைந்த அலெக்ஸாண்ட்ரியா என்ற குட்டிப் பொண்ணு. ராய் அவளுக்கு ஒரு சாகசக் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். பாசத்தில் இல்லை. அவளை வைத்து மார்ஃபின் மாத்திரையைத் திருடிக்கொண்டுவரச் செய்து, அதை விழுங்கிச் செத்துப்போக!

ராய் சொல்கிற கதையை நாம பார்ப்பது அந்தக் குழந்தையின் கற்பனை வழியாக. இங்கேதான் ஒரு சூப்பர் விஷயம். கதையில் 'இந்தியன்' ஒருத்தன் வருகிறான். ராய் மனசில் இருப்பது அமெரிக்கப் பழங்குடி. குழந்தைக்கு அவளோடு ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்க்கிற, தலைப்பாகை கட்டிய நம்ம ஊர் இந்தியர்தான் தெரியும். அதனால் திரையில் வருவதும் அவரே! சொல்கிறவன் ஒரு படம் ஓட்டுகிறான். கேட்கிறவள் வேறு ஒரு படம் பார்க்கிறாள். எல்லாக் கதைக்கும் நடக்கிற விபத்து இது. அதையே ஒரு முழுப் படமாக்கிவிட்டார் தர்செம்.

இதை ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் விற்க முடியுமா? 'ஸ்க்ரிப்ட்டை நானும் ஒரு குழந்தையும் சேர்ந்து ஷூட்டிங்ல முடிவு பண்ணுவோம். ஹீரோ புதுமுகம் மாதிரி. லொக்கேஷன் இருபது நாடு'னு சொன்னா, காபி கொடுத்து வழியனுப்பிவைப்பாங்க. அதனால் தர்செம் தன் காசைப் போட்டார். அதுமட்டுமில்லை. விளம்பர ஷூட்டிங்கையே வாகனமாக்கிக்கொண்டார். எந்த நாட்டுக்கு விளம்பரம் எடுக்கப் போகிறாரோ, அந்த வேலை முடிந்ததும் தன் நடிகர்களை அங்கே வரவழைத்து, சின்ன டீமோடு படத்துக்கான காட்சிகளை எடுத்துவிடுவார். எடுக்க வேண்டிய இடம் இருக்கிற நாடு என்பதற்காகவே விளம்பரத்தை ஒப்புக்கொண்டதும் உண்டு. இப்படியே சுமார் நாலு வருஷம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள்!

அதனால்தான் அந்தப் படத்தில் ஒரு கதாபாத்திரம் ஒரு நாட்டில் கதவைத் திறந்து, இன்னொரு நாட்டில் வெளியே வருகிற மாதிரி இருக்கும். நமீபியாவின் மணல் மேடுகள், அந்தமான் கடலில் நீந்தும் யானை, ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர், ஃபதேபூர் சிக்ரி, ராஜஸ்தானின் ஆபாநேரியில் படிக்குள் படியாக இறங்கும் சாந்த் பாவ்ரி கிணறு, ஜோத்பூரின் நீல வீடுகள்... ஜோத்பூரில் வீட்டுக்காரர்களுக்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்துப் புதுசாக நீலம் அடிக்க வைத்தார்கள். இப்போ பார்க்கிறவங்க 'செம கிராஃபிக்ஸ்!' என்பார்கள். ஊருங்க அது. டிக்கெட் எடுத்தா போய்ப் பார்க்கலாம்!

மூணு மாத்திரை

லொக்கேஷனைவிடப் பெரிய வித்தை ஆஸ்பத்திரிக் காட்சிகளில் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரியாவாக நடித்தது காட்டிங்கா உன்டாரு என்ற ருமேனியச் சிறுமி. நடிப்புனா என்னன்னே தெரியாத வயசு. இங்கிலீஷும் அரைகுறை. ராயாக நடித்த லீ பேஸ் அப்போது பிரபலம் இல்லை. 'இவரால் நிஜமாகவே நடக்க முடியாது' என்று அந்தக் குழந்தையை மட்டுமில்லை, யூனிட்டில் பல பேரையும் நம்பவைத்தார் தர்செம். கட்டிலைச் சுற்றித் திரை போட்டு, அதில் ஓட்டை வழியே கேமராவை வைத்தார். உள்ளே அவர்கள் ரெண்டு பேர் மட்டும். குழந்தை கேமராவை மறந்தது. நிஜமாகவே கதை கேட்க ஆரம்பித்தது.

ராய் ஒரு காகிதத்தில் மார்ஃபின் என்று இங்கிலீஷில் எழுதித் தருகிறான். கடைசி எழுத்தான 'ஈ'யை அந்தக் குழந்தை 'மூணு' என்று படித்துவிடுகிறது. அவள் பாட்டிலோடு வருகிறாள். ஆனால் மூணே மூணு மாத்திரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டாள்! ஷூட்டிங்கில் அந்தச் சிறுமி உண்மையாகவே தப்பாகப் படித்ததைத்தான் தர்செம் கதைக்குள் சேர்த்துக்கொண்டார். ஒரு மனுஷனின் உயிர் ஒரு எழுத்துப்பிழையில் தொங்குகிறது. ஏஜென்ஸியின் ஸ்டோரிபோர்டில் இப்படி ஒண்ணு வருமா? லேபிள் நேராகத் தெரியணும் என்று பதினஞ்சு வருஷம் வேலை பார்த்த ஆள், தன் சொந்தப் படத்தில் தப்புக்கு இடம் விட்டார். இதுதான் அவர் காசு கொடுத்து வாங்கிய சுதந்திரம்.

விழுந்தது... எழுந்தது!

2006 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் 'தி ஃபால்' திரையிடப்பட்டது. வாங்க ஆள் இல்லை. விமர்சகர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள். மறுபடி அதே பாட்டு. 'அழகுதான்... ஆனா விளம்பரக்காரன் எடுத்த படம்!' ரெண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது.

முன்னாடி ரெண்டு பேரை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? அந்த டேவிட் ஃபின்ச்சரும் ஸ்பைக் ஜோன்ஸும் 'நாங்கள் வழங்கும் படம்' என்று தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். 2008-ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. ரோஜர் ஈபர்ட் முழு நாலு ஸ்டார் கொடுத்தார். இருந்தும் கல்லா நிறையவில்லை. டி.வி.டி. வந்தது, பிறகு அதுவும் கடைகளில் காணாமல் போனது. ஆன்லைனில் படம் பார்க்கும் காலம் வந்த பிறகும் பல வருஷம் அங்கே இந்தப் படம் இல்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லியே அது உயிரோடு இருந்தது.

தர்செம்? கூலி வேலைக்குத் திரும்பினார். 2011-ல் கிரேக்கப் புராணத்தை வைத்து 'இம்மார்ட்டல்ஸ்'. பிறகு சூப்பர்மேன் ஆன ஹென்றி கேவில் ஹீரோ. உலகம் முழுக்க 22 கோடி டாலருக்கு மேல் வசூல். 2012-ல் ஜூலியா ராபர்ட்ஸை வைத்து 'மிரர் மிரர்'. படம் ரிலீஸாகும் முன்பே, அந்த ஜனவரியில் எய்கோ இஷியோகா இறந்துபோனார். அதன் உடைகளுக்காக அவர் பெயர் இறப்புக்குப் பிறகு ஆஸ்கர் பட்டியலில் வந்தது. 2015-ல் 'செல்ஃப்லெஸ்'. 2017-ல் 'எமரால்ட் சிட்டி' டி.வி. தொடரின் பத்து எபிசோடும் இவரே. ஒரே சீஸனில் கடையைச் சாத்தினார்கள். 2020-ல் லேடி காகாவின் '911' வீடியோ. பரஜானோவின் 'மாதுளையின் நிறம்' படத்துக்கு அதில் பகிரங்கமாக ஒரு கும்பிடு போட்டிருப்பார். கவனிச்சீங்களா... ஆர்.ஈ.எம். வீடியோவில் தார்கோவ்ஸ்கி, முப்பது வருஷம் கழித்து பரஜானோவ். பிடித்த படங்கள் மனுஷனை விடவே இல்லை!

2024 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில், 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட 'தி ஃபால்' திரையிடப்பட்டது. அடுத்த மாசம் முபி தளத்தில் வெளியானது. அது முதல்முதலில் திரையிடப்பட்டபோது பள்ளிக்கூடம்கூடப் போகாதவர்கள் 'இப்படி ஒரு படமா!' என்று வாய் பிளந்தார்கள்.

கலர் இல்லாத கலர்

இங்கேயே முடிச்சிருந்தா இது ஒரு நல்ல வெற்றிக்கதை. ஆனா, தர்செம் அதுக்கு முந்தின வருஷமே இன்னொரு வேலை பார்த்திருந்தார்.

கனடாவில் பிறந்து வளர்ந்த ஜஸ்ஸி என்ற பெண், பஞ்சாபுக்கு வந்த இடத்தில் வசதி இல்லாத ஒரு இளைஞனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதற்காக 2000-ம் வருடம் கொல்லப்பட்டார். உலகம் முழுக்கச் செய்தியான கொடுமை. அதை 'டியர் ஜஸ்ஸி' என்று படமாக்கினார் தர்செம். எழுதியவர் அமித் ராய். பஞ்சாப் மண்ணில், பெரும்பாலும் பஞ்சாபி மொழியில், புதுமுகங்களை வைத்து. பறக்கும் அங்கி இல்லை, நீந்தும் யானை இல்லை. கேமரா சத்தம் போடாமல் ஒரு ஓரமாக நின்று பார்க்கிறது. முகங்களைக் கண்டு நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு, வரப்போவது தெரிந்து வயிறு பிசைகிறது. 2023-ல் டொரன்டோ விழாவின் 'பிளாட்ஃபார்ம்' பரிசு அதற்குத்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் 'தி ஃபால்' வாங்க ஆள் இல்லாமல் நின்ற அதே டொரன்டோ!

அலங்காரம் மட்டும்தான் தெரியும் என்று சொன்னவர்களுக்கு, அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டும் படம் எடுக்கத் தெரியும் என்று அறுபது வயசுக்கு மேல் பதில் சொன்னார். அதுவும், 'இதைப் படிச்சா எங்கே உருப்படப்போறே' என்ற கேள்வியோடு கிளம்பிப் போன சொந்த மண்ணில் வந்து!

சரி, நமக்கு?

'தர்செம் மாதிரி நீயும் உன் சேமிப்பை எல்லாம் ஒரு படத்துல போடு'னு நான் சொல்லமாட்டேன். உங்க வீட்ல என்னைத் தேடி வருவாங்க. அந்தக் காசு அவருக்குத் திரும்பவில்லை. படத்துக்குக் கைதட்டல் வர பதினெட்டு வருஷம் ஆச்சு. அத்தனை வருஷம் காத்திருக்க எல்லாருக்கும் தெம்பும், அடுத்த வேளைச் சோற்றுக்கு வேறு தொழிலும் இருக்காது. அவருக்கு இருந்தது. அந்தத் தொழில்தான் நாம கூச்சப்பட்டு முணுமுணுக்கிற விளம்பரம்.

கூலிக்குச் செய்கிற வேலை ஒரு காத்திருப்பு அறை இல்லை. அங்கேயே லைட்டிங் கத்துக்கலாம், ஆளைச் சம்பாதிக்கலாம், இடம் பார்த்து வைக்கலாம். ஆனால் ஒரு கண்டிஷன். எதுக்காகச் சேர்க்கிறோம் என்பது மனசில் தெளிவாக இருக்கணும். தர்செமுக்கு ஒரு பல்கேரியப் படம் வருஷக்கணக்காக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது இல்லாமல் விளம்பரம் மட்டும் எடுத்திருந்தால், இன்னொரு நல்ல விளம்பர டைரக்டராக ரிட்டயர் ஆகியிருப்பார். அதிலும் தப்பில்லை. ஆனால் நாம இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அடுத்த தடவை யாராவது "சோத்துக்கு என்ன பண்ணுவே?"னு கேட்டா, குரலை இறக்காதீங்க. "விளம்பரம் எடுப்பேன்"னு சத்தமாச் சொல்லுங்க. கூடவே, "எதுக்காக எடுக்கிறே?"னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்குங்க. அதுக்கு பதில் இருந்தா போதும்... மீதியை ஷூட்டிங்ல பார்த்துக்கலாம்!